எங்களை மேம்படுத்துவது இருக்கட்டும், உங்கள் திட்டத்தைத் திருத்துங்கள்

செவிலியக் கல்லூரி ஆசிரியர்களை மேம்படுத்த வேண்டும் என்று எல்லோரும் பேசுகிறார்கள். பல்கலைக்கழகம் பேசுகிறது. கல்லூரி நிர்வாகம் பேசுகிறது. தரமதிப்பீட்டுக்கு வரும் குழு பேசுகிறது. மேம்படுத்தப்பட வேண்டியவர்கள் என்று கை காட்டப்படும் நாங்கள் மட்டும் பேசுவதில்லை. எங்களிடம் கருத்து இல்லாமல் இல்லை. நேரம்தான் இல்லை.

மகப்பேறு, மகளிர் நலச் செவிலியத்தில் முதுநிலைப் பட்டம் பெற்றவள் நான். பதினேழு ஆண்டுகளாகத் தமிழ்நாட்டின் தனியார் கல்லூரிகளில் இளநிலை, முதுநிலை மாணவியருக்குக் கற்பிக்கிறேன். இந்தப் பதினேழு ஆண்டுகளில் ‘ஆசிரியர் மேம்பாடு’ என்ற பெயரில் எனக்குக் கிடைத்த சான்றிதழ்கள் ஒரு தடித்த கோப்பு நிறைய இருக்கின்றன. அவற்றைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றுவதை இங்கே வெளிப்படையாகச் சொல்கிறேன். எங்கள் கல்லூரிகளின் கல்வித் திட்டம் பெண்களின் நேரத்தைக் காசு கொடுக்காமல் எடுத்துக்கொள்ளலாம் என்ற நம்பிக்கையின் மேல் எழுதப்படுகிறது. அந்தத் திட்டம் கிழிகிற இடங்களில் ஒட்டுப்போடத்தான் ‘மேம்பாடு’ என்ற சொல் பயன்படுகிறது. நோய் திட்டத்துக்கு, ஊசி எங்களுக்கு.

செவிலியம் படிக்காத தோழியருக்காகக் கல்வித் திட்டம் என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன். ஆண்டுத் தொடக்கத்தில் ‘மாஸ்டர் ரொட்டேஷன் பிளான்’ என்ற பெரிய அட்டவணை போடுவோம். வாரங்கள் ஒரு பக்கம், வகுப்புகள் ஒரு பக்கம். எந்தப் பிரிவு எந்த வாரம் வகுப்பறையில், எந்த வாரம் எந்த வார்டில், தேர்வு எப்போது, விடுமுறை எப்போது என்று வண்ணம் வண்ணமாகக் கட்டம் கட்டுவோம். அதன் கீழே கிளினிக்கல் ரொட்டேஷன், பாடத்திட்டம், அலகுத் திட்டம், ஒவ்வொரு வகுப்புக்கும் பாடக்குறிப்பு. விதிமுறைப் புத்தகங்களில் வகுப்பறையின் சதுர அடி இருக்கும். நூலகம் இருக்கும். மருத்துவமனைப் படுக்கைகளின் எண்ணிக்கை இருக்கும். ஆசிரியர், மாணவர் விகிதம் 1:10 என்று இருக்கும். மாணவி எந்த வார்டில் எத்தனை மணி நேரம் நிற்க வேண்டும் என்றுகூட இருக்கும். ஆசிரியையின் ஒரு வாரத்தில் எத்தனை மணி நேரம் இருக்கிறது என்ற கேள்விக்கு நான் பார்த்த எந்த அட்டவணையிலும் ஒரு கட்டம்கூட இல்லை.

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிகள், உதவிப் பேராசிரியர் ஒருவரின் நேரடிக் கற்பித்தல் வாரத்துக்கு 16 மணி நேரம் என்று ஒரு கணக்கு வைத்திருக்கின்றன. பாடம் தயாரிக்கவும் படிக்கவும் ஆராயவும் மிச்ச நேரம் வேண்டும் என்ற புரிதலாவது அதில் இருக்கிறது. எங்கள் கதையைக் கேளுங்கள். காலை ஏழு மணிக்கு மாணவியரோடு கல்லூரிப் பேருந்தில் ஏறுகிறோம். ஒன்றரை மணி வரை வார்டில் நிற்கிறோம். மாணவி ஊசி போடும்போது பக்கத்தில் நிற்க வேண்டும். மருந்தின் அளவைச் சரிபார்க்க வேண்டும். கேர் பிளானைத் திருத்த வேண்டும். வார்டு சிஸ்டரின் கோபத்துக்கும் பதில் சொல்ல வேண்டும். ஆறு நாள் இப்படி நின்றால் வாரத்துக்கு 36 மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. இதற்கு நிர்வாகம் வைத்திருக்கும் பெயர் ‘மேற்பார்வை’. கற்பித்தல் கணக்கில் அது சேராது. பிற்பகலில் எடுக்கும் இரண்டு மணி நேர வகுப்புதான் கற்பித்தலாம். அதற்குப் பிறகு முதுநிலை மாணவியரின் ஆய்வேடு, டூல் வேலிடேஷன், நெறிமுறைக் குழுவுக்கான படிவம், லாக் புக், வினா வங்கி, விடுதிப் பொறுப்பு, பெற்றோருக்குத் தொலைபேசி.

பிறகு வீடு. 2024-ஆம் ஆண்டு தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, வீட்டு வேலை செய்யும் பெண்கள் நாளொன்றுக்கு ஊதியமில்லாத அந்த வேலையில் செலவிடுவது 289 நிமிடம். ஆண்கள் 88 நிமிடம். எங்கள் துறையில் ஆசிரியர்களில் பெரும்பாலோர் பெண்கள் என்பது நிர்வாகத்துக்குத் தெரியும். இந்த 289 நிமிடமும் தெரியும். இரண்டும் தெரிந்தே மாலை ஆறு மணிக்கு வாட்ஸ்அப் குழுவில் “நாளை காலைக்குள் அனுப்பவும்” என்று செய்தி வருகிறது. யாருடைய தூக்கத்திலிருந்து அந்த நேரம் வரும் என்று ஒருவரும் கேட்பதில்லை. எங்கள் ராத்திரிகளைச் சேர்த்துக் கணக்கிட்டால்தான் அந்த அட்டவணை ஒப்பேறும்.

இனி மேம்பாட்டுக்கு வருவோம். பயிற்சி பெரும்பாலும் சனிக்கிழமை பிற்பகலில் இருக்கும், இல்லையென்றால் ஞாயிறு. பதிவுக் கட்டணம் எங்கள் பணம். வெளியூர் என்றால் பயணம் எங்கள் செலவு, நாள் எங்கள் தற்செயல் விடுப்பு. ப்ளூம் வகைப்பாட்டை எனக்கு எத்தனை முறை கற்றுக்கொடுத்திருக்கிறார்கள் என்று கணக்கே வைக்கவில்லை. ஐந்து நாள் இணையவழிப் பயிற்சி என்பார்கள். கேமராவை அணைத்துவிட்டு ஒரு பக்கம் குக்கர் வைப்போம், மறு பக்கம் விடைத்தாள் திருத்துவோம். கடைசியில் கூகுள் படிவம் நிரப்பினால் சான்றிதழ் தானாக வந்துவிடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுநாளும் நடந்த பயிற்சியின் தலைப்பு ‘பணிக்கும் குடும்பத்துக்கும் இடையே சமநிலை’. பேச வந்தவர் ஓர் ஆண் நிர்வாகவியல் பயிற்சியாளர். காலையில் அரை மணி நேரம் முன்னதாக எழுந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றார். அவர் சாப்பிட்ட மதிய உணவைப் பரிமாறியது எங்கள் துறையின் இளைய ஆசிரியைகள்.

இந்தச் சான்றிதழ்கள் யாருக்குத் தேவை? தரமதிப்பீட்டு அறிக்கையில் ‘இந்த ஆண்டு இத்தனை ஆசிரியர்கள் பயிற்சி பெற்றனர்’ என்று ஓர் எண் கேட்பார்கள். அந்த எண் கல்லூரிக்குத் தேவை. பயிற்சிக்குப் பிறகு வார்டில் என்ன மாறியது, நோயாளிக்கு என்ன கிடைத்தது என்று என்னிடம் இதுவரை யாரும் கேட்டதில்லை.

மேம்பாடு பற்றி இவ்வளவு அக்கறை காட்டும் இதே துறைதான் ஆசிரியையின் மூலச் சான்றிதழை வாங்கிப் பீரோவில் பூட்டி வைக்கிறது. என் முதல் வேலையில் சேர்ந்த அன்றே பட்டச் சான்றிதழையும் பதிவுச் சான்றிதழையும் வாங்கிக்கொண்டார்கள். வேறு ஊரில் மேற்படிப்புக்கு இடம் கிடைத்தபோது மூன்று மாதச் சம்பளத்தைத் திருப்பிக் கட்டிய பிறகுதான் அவை என் கைக்கு வந்தன. மேற்படிப்பைவிடப் பெரிய ஆசிரியர் மேம்பாடு எது? அதற்குத்தான் அபராதம் கட்டினேன்.

ஆய்வுக் குழு வரும் நாளில் மட்டும் தென்படும் முகங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். சம்பளப் பட்டியலில் இருப்பார்கள், வார்டில் இருக்க மாட்டார்கள். மத்தியப் பிரதேசத்தில் செவிலியக் கல்லூரிகள் காகிதத்தில் நடந்த விவகாரம் உயர் நீதிமன்றம் வரை போய், விசாரணை சி.பி.ஐ.யிடம் ஒப்படைக்கப்பட்டது. தகுதியில்லாத கல்லூரிக்குச் சாதகமாக அறிக்கை தர லஞ்சம் வாங்கியதாக 2024-இல் சி.பி.ஐ. அதிகாரிகளே கைதானார்கள். காகித ஆசிரியர்கள் இருக்கும் இடத்தில் அவர்களின் வேலையை யார் செய்வார்கள்? உண்மையில் அங்கே நிற்கும் பெண்கள் செய்வார்கள். 1:10 என்று காகிதம் சொல்லும். என் பின்னால் முப்பது பேர் வருவார்கள்.

“கற்றுக்கொள்வதற்கே எதிர்ப்பா?” என்று கேட்பவர்கள் உண்டு. கற்றுக்கொள்வதற்கு நாங்கள் எதிரிகள் இல்லை, அதற்காக ஏங்குகிறவர்கள். சுகாதாரக் கல்வியில் ஆசிரியர்களுக்குக் கற்பிக்கும் கலையைச் சொல்லித்தரும் மரபு நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. புதுச்சேரி ஜிப்மரில் தேசிய ஆசிரியர் பயிற்சி மையம் 1970களிலிருந்து இயங்குகிறது. வேலூரில் ஐடா ஸ்கடர் 1909-இல் செவிலியர் பயிற்சியைத் தொடங்கினார். 1918-இல் பெண்களுக்கென்றே மருத்துவப் பள்ளி தொடங்கினார். 1946-இல் அங்கே செவிலியப் பட்டப்படிப்பு வந்தது. கற்பிப்பவர்களே வார்டுப் பொறுப்பிலும் இருக்கும் முறை அங்கு நெடுங்காலமாக உண்டு. கற்பிப்பவள் வார்டில் விருந்தாளியாக நிற்காமல், மருந்துப் பட்டியலிலும் பணிப் பட்டியலிலும் அதிகாரத்தோடு கைவைக்க முடிந்தால், அவள் கற்பிப்பதும் மாறும், நோயாளிக்குக் கிடைப்பதும் மாறும். இது பெரிய தத்துவம் இல்லை. ஆனால் இதற்கு நேரமும் பதவியும் சம்பளமும் திட்டத்தில் எழுதப்பட வேண்டும். சனிக்கிழமைச் சொற்பொழிவு மலிவு. அதனால் அதை நடத்துகிறார்கள்.

நேரம் கொடுத்தால் என்ன நடக்கும் என்பதை ஓராண்டு பார்த்திருக்கிறேன். நான் வேலை பார்த்த ஒரு கல்லூரியில் அப்போது முதல்வராக இருந்த அம்மா, வியாழக்கிழமை பிற்பகல்களை மகப்பேறு துறைக்கு ஒதுக்கிக் கொடுத்தார். வகுப்பு இல்லை, வார்டு இல்லை, அறிக்கை இல்லை. நாங்கள் நான்கு பேர். முதல் இரண்டு வாரம் என்ன செய்வதென்றே தெரியவில்லை. களைப்பில் டீ குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். பிறகு எங்கள் மாணவியர் போகும் பிரசவ அறையைப் பற்றிப் பேசத் தொடங்கினோம்.

அந்தப் பிரசவ அறையை நீங்கள் கற்பனை செய்துகொள்ள வேண்டும். ஓர் அரசு மருத்துவமனை. அங்கே மருத்துவ மாணவர்கள் வருவார்கள். எங்கள் கல்லூரியோடு இன்னும் சில தனியார் கல்லூரிகளின் செவிலிய மாணவியரும் கட்டணம் கட்டி வருவார்கள். எல்லோருடைய லாக் புக்கிலும் இத்தனை பிரசவம் பார்த்தோம், இத்தனை உள்பரிசோதனை செய்தோம் என்று எண்ணிக்கை நிரம்ப வேண்டும். வலியில் கிடக்கும் பெண் ஒருத்தி. அவளைச் சுற்றி எண்ணிக்கை தேடும் கைகள் பல. செயலில் உள்ள முதல் கட்டப் பிரசவ வலியில் நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை உள்பரிசோதனை போதும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2018 வழிகாட்டுதல் சொல்கிறது. ஒரு மணி நேரத்துக்குள் மூன்று பேர் பரிசோதித்ததை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். அவள் கத்தினால், “பெத்துக்கத் தெரிஞ்சுதில்ல, பொறுத்துக்க முடியாதா?” என்று ஒரு குரல் வரும். அந்தக் குரலை எங்கள் மாணவியும் கேட்கிறாள். பாடக்குறிப்பில் ‘தாயின் கண்ணியம்’ என்று எழுதி வைத்திருக்கிறேன். ஆனால் அவள் கற்றுக்கொண்டு போவது அந்தக் குரலை.

இங்கேதான் கல்வித் திட்டம் ஒரு பெண்ணின் உடல் மேல் வந்து விழுகிறது. எத்தனை கல்லூரிக்கு அனுமதி, எத்தனை மாணவியர், எத்தனை பிரசவம் என்று யாரோ மேசையில் போட்ட கணக்கின் மிச்சத்தை, பிரசவ மேசையில் கிடக்கும் ஏழைப் பெண் சுமக்கிறாள். தனியார் மருத்துவமனையின் குளிரூட்டிய அறையில் பிள்ளை பெறுபவளிடம் யாரும் லாக் புக்கை நீட்டுவதில்லை.

அந்த வியாழக்கிழமைகளில் ஐந்தே விதிகளை எழுதினோம். ஒரு தாய்க்கு ஒரு மாணவி. தொடும் முன் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். திரை போட வேண்டும். ஏற்கெனவே பரிசோதனை ஆகிவிட்டால் லாக் புக்குக்காக இன்னொன்று கூடாது; எண்ணிக்கை குறைந்தால் ஆசிரியை விளக்கம் எழுதிக் கையெழுத்திடுவாள். தாயுடன் துணைக்கு ஒரு பெண் இருக்கலாம் என்பதை அவளிடம் சொல்ல வேண்டும். பிரசவத் துணை பற்றி மத்திய சுகாதார அமைச்சகம் 2016-லேயே வழிகாட்டுதல் தந்துவிட்டது. பிரசவ அறைத் தரத்துக்கான ‘லக்ஷ்யா’ திட்டம் 2017-இல் வந்தது. நாங்கள் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. இருப்பதைப் படித்து, எங்கள் அறைக்குப் பொருத்த நேரம் கிடைத்தது. வார்டு சிஸ்டரோடு உட்கார்ந்து பேச நேரம் கிடைத்தது. அவர்தான் ஐந்தில் இரண்டு விதிகளைச் சொன்னார். எங்கள் முதுநிலை மாணவி ஒருத்தி அதையே ஆய்வேட்டுக்கு எடுத்துக்கொண்டாள். அந்த ஆண்டு என் மாணவியர் பிரசவ அறையில் தாயின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்தேன்.

அடுத்த ஆண்டு முதல்வர் மாறினார். தரமதிப்பீட்டுக்கான தரவு சேகரிக்க நேரம் வேண்டும் என்று வியாழக்கிழமைகளை எடுத்துக்கொண்டார்கள். ஈடாக எங்களுக்கு ஒரு நாள் பயிற்சி நடத்தினார்கள். தலைப்பு: ‘மரியாதையான மகப்பேறு பராமரிப்பு’. ஒட்டுப்போடுவது என்று நான் சொன்னது இதைத்தான்.

நேரத்தை யார் தீர்மானிக்கிறார்கள் என்பதைப் போலவே, பாடத்தை யார் தீர்மானிக்கிறார்கள் என்பதும் நம் கேள்விதான். பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்ணிடம் செய்யப்படும் இருவிரல் சோதனை அவளுடைய அந்தரங்கத்தையும் கண்ணியத்தையும் மீறுகிறது என்று உச்ச நீதிமன்றம் 2013-லேயே சொன்னது. 2022-இல் அந்தச் சோதனையைத் தடை செய்யச் சொல்லிச் சென்னை உயர் நீதிமன்றம் தமிழ்நாடு அரசுக்கு உத்தரவிட்டது. அதே ஆண்டு அக்டோபரில் உச்ச நீதிமன்றம் ஒரு படி மேலே போய், மருத்துவக் கல்லூரிப் பாடத்திட்டத்தையே திருத்தச் சொன்னது. தன்பால் ஈர்ப்பு கொண்ட இரண்டு பெண்கள் பாதுகாப்புக் கேட்டுத் தொடுத்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2021-இல் கேள்வி எழுப்பிய பின், பால்புதுமையரை இழிவுபடுத்தும் பகுதிகளைத் தவிர்க்கும்படி தேசிய மருத்துவ ஆணையம் கல்லூரிகளுக்கு அறிவுறுத்தியது. இவ்வளவும் நடந்து முடிந்த பிறகு, 2024 ஆகஸ்ட் இறுதியில் அதே ஆணையம் வெளியிட்ட பாடத்திட்ட வழிகாட்டுதலில் பெண்களின் தன்பால் உறவு ‘இயற்கைக்கு மாறான’ குற்றங்களின் பட்டியலில் மறுபடி வந்து உட்கார்ந்தது. கன்னித்தன்மையும் கன்னித்திரையும் பாடமாகத் திரும்பி வந்தன. எதிர்ப்பு எழுந்து, செப்டம்பர் முதல் வாரத்திலேயே அதைத் திரும்பப் பெற்றார்கள்.

திரும்பப் பெற்றது நம் வெற்றி. ஆனால் எழுதிய அறையில் யார் இருந்தார்கள்? அந்த வரைவைப் பார்த்து “இது தவறு” என்று கைதூக்க ஒருத்திக்கு அங்கே இடமோ அதிகாரமோ இருந்திருந்தால் அது அச்சுக்குப் போயிருக்குமா? உலகச் சுகாதாரப் பணியாளர்களில் ஏறத்தாழ 70 விழுக்காடு பெண்கள், உயர் பொறுப்புகளில் 25 விழுக்காடுதான் பெண்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னது. இந்த இடைவெளி சம்பளப் பிரச்சினையோடு நின்றுவிடுவதில்லை. நம் உடலைப் பற்றி என்ன கற்பிக்கப்படும் என்பது வரை அது நீள்கிறது.

பிள்ளைப்பேறு என்றால் இந்தத் திட்டம் எப்படி நடந்துகொள்கிறது என்று பாருங்கள். பிள்ளைப்பேற்றையே பாடமாக நடத்தும் துறை இது. என்னோடு வேலை பார்த்த ஓர் ஆசிரியையை ஏழாம் மாதத்தில் ராஜினாமா கடிதம் எழுதச் சொன்னார்கள். “குழந்தை பிறந்த பிறகு வந்து மறுபடி சேர்ந்துகொள்ளம்மா” என்று கனிவாகத்தான் சொன்னார்கள். அவள் திரும்பி வந்து சேர்ந்தாள். பதவி உயர்வு நேரத்தில், “பணி அனுபவம் தொடர்ச்சியாக இல்லையே” என்றார்கள். 2017 திருத்தத்திலிருந்து சட்டம் 26 வாரச் சம்பள மகப்பேறு விடுப்பைத் தருகிறது. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைக் காப்பகம் இருக்க வேண்டும் என்கிறது. விடுப்பில் இருக்கும்போது வேலைநீக்கம் சட்டவிரோதம். ஒப்பந்தக் காலம் முடிந்துவிட்டது என்று சொல்லி மகப்பேறு பலனை மறுக்க முடியாது என்று, ஒப்பந்த மருத்துவர் ஒருவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2023-இல் தீர்ப்பளித்தது. அந்தக் கனிவான ராஜினாமாக் கடிதம் இவ்வளவு சட்டத்தையும் தாண்டிப் போகும் குறுக்குவழி. பத்துப் பெண்கள் வேலை செய்யும் துறையில் யாருக்காவது பிள்ளை பிறக்கும் என்பது எதிர்பாராத விபத்தா? புயலுக்கும் தேர்தலுக்கும் மாற்று நாள் வைத்திருக்கும் அட்டவணையில், மகப்பேறு விடுப்புக்கு மாற்று ஆசிரியை ஏன் இல்லை?

முதுநிலை மாணவியருக்கு இது இன்னும் கொடுமையான முகத்தைக் காட்டுகிறது. 2024 ஆகஸ்ட் 9 அன்று கொல்கத்தா ஆர்.ஜி.கர் மருத்துவக் கல்லூரியில் முதுநிலை பயிலும் பெண் மருத்துவர் ஒருவர் வன்கொடுமை செய்யப்பட்டுக் கொல்லப்பட்டார். நீண்ட பணிக்கு நடுவே ஓய்வெடுக்க அவர் போனது கருத்தரங்கு அறைக்கு. பாடம் நடத்தும் அறையில் படுத்துக்கொள்ளும் நிலை அவருக்கு ஏன் வந்தது? 1992-இல் மத்திய அரசு வகுத்த ரெசிடென்சி முறை வாரத்துக்கு 48 மணி நேரம் என்றது. ஒரே மூச்சில் 12 மணி நேரத்துக்கு மேல் கூடாது என்றது. அது காகிதத்தில் இருக்கிறது. அந்தக் கொலைக்குப் பின் மேற்கு வங்க அரசு தந்த யோசனைகளில் ஒன்று, பெண்களுக்கு இரவுப் பணியைக் கூடியவரை தவிர்ப்பது. உச்ச நீதிமன்றம் அதைக் கண்டித்தது. மணிநேரத்தைக் குறை, ஓய்வறை கட்டு, கதவுக்குத் தாழ் போடு என்று சொல்லத் தோன்றாதவர்களுக்கு, பெண்ணை வீட்டுக்கு அனுப்பு என்று சொல்ல மட்டும் உடனே தோன்றுகிறது. பெண்ணைத் திருத்தினால் போதும், அமைப்பைத் தொட வேண்டாம் என்ற அதே மருந்துச் சீட்டுதான் இது.

“செவிலியம் ஒரு தொண்டு; மணிநேரக் கணக்குப் பார்க்கலாமா?” என்பது எங்கள் வாயை அடைக்க வைத்திருக்கும் கடைசிப் பூட்டு. தொண்டு என்பதை நிர்வாகம் ஏன் தன்னிடமிருந்து தொடங்குவதில்லை? கல்விக் கட்டணத்தில் தொண்டு இல்லை. பேருந்துக் கட்டணத்தில் இல்லை. தாமதக் கட்டணத்தில் இல்லை. எங்கள் சம்பளத்திலும் எங்கள் தூக்கத்திலும் மட்டும் வந்து உட்கார்ந்துகொள்ளும் தொண்டுக்கு வேறு பெயர் உண்டு; சுரண்டல். தனியார் மருத்துவமனைச் செவிலியரின் சம்பளத்தை ஆராய உச்ச நீதிமன்றம் 2016-இல் குழு அமைக்கச் சொன்னது. 200 படுக்கைக்கு மேல் உள்ள மருத்துவமனை அரசுச் செவிலியருக்கு இணையாகத் தர வேண்டும், 50 படுக்கைக்குக் கீழே உள்ளதுகூட மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்று அந்தக் குழு பரிந்துரைத்தது. அந்தச் செவிலியரைப் பயிற்றுவிக்கும் பெண்களுக்கு என்ன சம்பளம் என்று கேட்க ஒரு குழுவும் வரவில்லை.

1947-ஆம் ஆண்டின் இந்திய செவிலியக் குழுமச் சட்டத்துக்குப் பதிலாக 2023-இல் புதிய தேசிய ஆணையச் சட்டம் நிறைவேறியிருக்கிறது. புதிய விதிகள் எழுதப்படும் காலம் இது. இப்போது கேட்காவிட்டால் இன்னொரு தலைமுறை காத்திருக்க வேண்டிவரும். நாங்கள் கேட்பது இவைதாம்.

மாஸ்டர் ரொட்டேஷன் பிளானில் ஆசிரியையின் வார மணிநேரத்துக்கு ஒரு பத்தி வேண்டும். வார்டில் நிற்பதைக் கற்பித்தல் என்று எண்ண வேண்டும். வாரத்தில் ஓர் அரைநாள், யாரும் பறிக்க முடியாதபடி படிக்கவும் துறையோடு உட்கார்ந்து பேசவும் வேண்டும். பயிற்சி நாள் வேலை நாளாக இருக்க வேண்டும், கட்டணம் கல்லூரியுடையது. பயிற்சியின் தலைப்பை ஆசிரியைகளும் வார்டு சிஸ்டர்களும் முடிவு செய்ய வேண்டும். மகப்பேறு விடுப்புக்கு மாற்று ஆசிரியையை ஆண்டுத் தொடக்கத்திலேயே திட்டத்தில் எழுத வேண்டும். மூலச் சான்றிதழ் அதன் சொந்தக்காரியிடம் இருக்க வேண்டும். ஒரு பிரசவ அறைக்கு எத்தனை மாணவியர் என்பதற்கு உச்சவரம்பு வேண்டும். அந்த அறையின் தாய்மார்கள் சார்பில் ஒருத்திக்கு அதைத் தீர்மானிக்கும் கூட்டத்தில் நாற்காலி வேண்டும். இரவுப் பணியில் இருக்கும் மாணவிக்குத் தாழ்ப்பாள் உள்ள ஓய்வறை வேண்டும்.

இதைப் படிக்கும் மாணவியருக்கு ஒரு வார்த்தை. முதுநிலைப் படிப்பில் சேரப் போகும்போது கட்டடத்தைப் பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள். உங்களுக்கு நெறியாளராக வரப்போகிறவரிடம் இப்போது எத்தனை பேர் ஆய்வேடு செய்கிறார்கள் என்று கேளுங்கள். கடந்த ஐந்து ஆண்டுகளில் எத்தனை ஆசிரியைகள் வேலையை விட்டுப் போனார்கள் என்று கேளுங்கள். காப்பகம் எந்த அறையில் இருக்கிறது, போய்ப் பார்க்கலாமா என்று கேளுங்கள். ஆசிரியை சோர்ந்து எரிந்து விழும்போது அவர் மேல் கோபப்பட உங்களுக்கு உரிமை உண்டு. அந்தக் கோபத்தில் ஒரு பங்கை அட்டவணை போட்டவர்களுக்கும் எடுத்து வையுங்கள். நாளைக்கு அந்த வார்டில், அந்த நாற்காலியில் நீங்கள்தான் இருக்கப்போகிறீர்கள்.

அடுத்த கல்வியாண்டுக்கான அட்டவணை போடும் கூட்டத்துக்கு இந்த முறை வெறும் கையோடு போகப் போவதில்லை. நாங்கள் நான்கு மாதமாக எங்கள் வேலை நேரத்தைத் தனித்தனி நோட்டில் எழுதி வருகிறோம். எந்த மணி வார்டில், எந்த மணி வகுப்பில், எந்த மணி வீட்டில் அடுப்புக்கும் மடிக்கணினிக்கும் நடுவில் என்று. அந்த நோட்டுகளை மேசை மேல் வைத்துவிட்டு, இதற்கான கட்டத்தை எங்கே போடப் போகிறீர்கள் என்று கேட்போம். பதில் வரும் வரை கையெழுத்துப் போடுவதாக இல்லை.